எழுத்து ஏறிய திரை – 14: ஒட்டுகளுக்கு நடுவே

2019 மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் ஆலத்தியூரில் தங்கை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தங்கை மகளுக்கு அப்போது பதினொன்றாம் வகுப்பு. அவள் அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு மடிக்கணினி அவள் மடியில் இருந்தது. வெகுநேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"மாமா, எல்லாம் கேள்விக்குறியா வருது."

பார்த்தேன். மூன்று பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை. அவளுடைய அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். ஒரு நாளைக்கு எத்தனை நடை அடித்தார், பேட்டா எவ்வளவு என்பதையெல்லாம் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைப்பார். மாதக் கடைசியில் அந்தத் தாள்களைத் தேடுவதுதான் வீட்டில் பெரிய வேலை. அந்தக் கணக்கைத்தான் இவள் வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் ஏற்றிக்கொண்டிருந்தாள். எண்களெல்லாம் சரியாக நின்றன. தலைப்புகள் மட்டும் இல்லை. 'தேதி' இருக்கவேண்டிய இடத்தில் நான்கு கேள்விக்குறி, 'நடை'க்கு மூன்று, 'பேட்டா'வுக்கு ஆறு.

"சேமிக்கிறப்போ ஏதாச்சும் கேட்டுச்சா கண்ணு?"

"இங்கிலீஷ்ல என்னமோ கேட்டுச்சு. ஓகே குடுத்துட்டேன். நோட்பேட்ல தமிழ் அப்படியேதான் இருக்கு, பிரௌசர்லதான் வரல. அது சரி, நடைக்கு ரெண்டெழுத்துதானே? மூணு கேள்விக்குறி எதுக்கு?"

இந்தத் தொடரில் எச்டிஎம்எல்லைப் பற்றி எழுதும் இதழ் வரும்போது எங்கிருந்து தொடங்குவது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவளுடைய கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவதே சரி. நடைக்கு ஏன் மூன்று கேள்விக்குறி என்பதற்குள் தமிழ் வலைக்கு வந்த கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆலத்தியூரைத் தெரிந்தவர்களுக்கு அது சிமெண்ட் ஆலையின் ஊர். அரியலூர்ச் சீமை முழுவதும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் கிடந்த நிலம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இங்கே ஆலைகளைக் கொண்டுவந்தது. இன்று ராம்கோ சிமெண்ட்ஸ் என்ற பெயரில் இருக்கும் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனம் ஆலத்தியூரில் உற்பத்தியைத் தொடங்கியது 1997-இல். அப்போது இது பெரம்பலூர் மாவட்டம். அதற்கு இரண்டு வருடம் முன்புவரை திருச்சி மாவட்டம். ஆலையில் வேலை, வண்டி ஓட்டம், கடைகள் என்று ஊரின் பேச்சே மாறிய வருடம் அது. அதே 1997-இல்தான் அதே குழுமம் ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தனியாகப் பதிவு செய்தது. எங்கள் ஊர்க் கல்லும் சென்னையில் எழுதப்பட்ட நிரலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது அன்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்த 1997-ஐ வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எச்டிஎம்எல்லின் கதையிலும், தமிழ் இணையத்தின் கதையிலும் அது பெரிய வருடம்.

முதலில் அந்த மொழி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். பழைய அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். கையெழுத்துப் பிரதி கம்பாசிட்டரிடம் போகும் முன் ஒருவர் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருவார். இந்த வரி தலைப்பு, பெரிய எழுத்தில் கோர்க்கவும். இது தடித்த எழுத்து. இங்கே புதுப் பத்தி. இப்படி ஓரத்தில் குறித்துக்கொண்டே போவார். ஆங்கில அச்சகங்களில் அந்த வேலைக்குப் பெயரே மார்க்கப். எழுதியவர் சொன்னது ஒன்று. அது எப்படித் தோன்றவேண்டும் என்று கம்பாசிட்டருக்குச் சொல்வது இன்னொன்று. இரண்டும் ஒரே தாளில் கலக்காமல் இருக்கும்.

அந்தப் பென்சில் குறியைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்கள் ஐபிஎம் நிறுவனத்தின் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவர். 1969-இல் அவர்கள் வகுத்த ஜிஎம்எல் முறை, 1986-இல் எஸ்ஜிஎம்எல் என்ற பெயரில் உலகத் தரமானது. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஆவணங்களை எழுத அதன் ஒரு வடிவம் புழக்கத்தில் இருந்தது. 1989 மார்ச்சில் அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ, ஆய்வுக்கூடத்தில் சிதறிக் கிடக்கும் தகவல்களை ஒன்றோடொன்று பிணைக்க ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தார். அதற்கு ஒரு மொழி வேண்டியிருந்தபோது, ஏற்கெனவே அங்குள்ளவர்கள் பழகியிருந்த தலைப்பு, பத்தி, பட்டியல் குறிகளையே எடுத்துக்கொண்டார். அவராகச் சேர்த்தவற்றில் முக்கியமானது ஒரு எழுத்துக் குறி, 'ஏ'. ஆங்கர் என்பதன் முதலெழுத்து. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவச் செய்கிற நங்கூரம் அதுதான். 1991-இல் அவர் வெளியிட்ட முதல் குறிப்பில் மொத்தமே 18 குறிகள். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இதையெல்லாம் யாருடைய உரிமையும் இல்லாமல் உலகத்துக்குப் பொதுவில் விட்டது. கட்டணம் வாங்கியிருந்தால் ஆலத்தியூர்த் திண்ணைக்கு இது வந்து சேர்ந்திருக்காது.

டேக் என்று எல்லோரும் சொல்வதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் 'ஒட்டு' என்கிறது. எனக்குப் பிடித்த சொல். கோண அடைப்புக்குள் பெயரை எழுதி முன்னால் ஒன்று ஒட்டுகிறோம். அதே பெயருக்குச் சாய்கோடு போட்டுப் பின்னால் ஒன்று ஒட்டுகிறோம். நடுவில் இருப்பது நம் எழுத்து. முன்னால் திறந்ததைப் பின்னால் மூடவேண்டும். உள்ளே திறந்ததை முதலில் மூடிவிட்டுத்தான் வெளியே திறந்ததை மூடவேண்டும். அட்டவணைக்குள் வரிசை, வரிசைக்குள் கட்டம், கட்டத்துக்குள் எண். அடுக்குச் சம்புடம் மாதிரி.

இதைக் கற்பதற்கு மற்ற கணினி மொழிகளுக்கு இல்லாத இரண்டு வசதிகள் உண்டு. முதலாவது, எதையும் நிறுவ வேண்டாம். விண்டோஸில் கூடவே வரும் நோட்பேடும் ஒரு பிரௌசரும் போதும். இணைய இணைப்புகூட வேண்டியதில்லை. இரண்டாவது, ஊரில் உள்ள எல்லாப் பக்கங்களும் பாடப்புத்தகம். பிரௌசரில் 'வியூ சோர்ஸ்' என்ற ஒரு வரியை அழுத்தினால் அந்தப் பக்கம் எப்படிக் கட்டப்பட்டது என்பது வரிக்கு வரி திறந்துகொள்ளும். ஒரு தச்சன் இன்னொரு தச்சன் செய்த கதவைக் கழற்றிப் பார்த்துக் கற்பதற்கு ஒப்பானது இது. சி மொழியில் எழுதிய நிரலை இப்படிப் பார்க்க முடியாது. நமக்கு வந்து சேர்வது இயந்திரத்துக்காக அரைத்த மாவு. எச்டிஎம்எல்லில் நமக்கு நெல்லே வந்துவிடுகிறது.

நான் கற்றதும் அப்படித்தான். 1990-களின் கடைசியில் அரியலூரில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று பேஜ்மேக்கரில் நாள் முழுக்க அடிப்பேன். அதற்கு முன் ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேர்ந்திருந்தேன். அங்கே கணினிக்கு முன்னால் உட்கார்ந்த நேரத்தைவிட நோட்டில் குறிப்பெடுத்த நேரம்தான் அதிகம். எச்டிஎம்எல்லையும் கரும்பலகையில்தான் நடத்தினார்கள். எழுதியது திரையில் எப்படி வருகிறது என்று பார்க்காமல் அந்த மொழியைக் கற்பிப்பது, தண்ணீரில்லாத கிணற்றில் நீச்சல் சொல்லித் தருவதுதான். பிறகு திருச்சி போகும்போதெல்லாம் பிரௌசிங் சென்டரில் ஒரு மணி நேரம் எடுப்பேன். பிடித்த பக்கங்களை ஃப்ளாப்பியில் சேமித்துக்கொண்டு வந்து, கடை சாத்திய பிறகு நோட்பேடில் திறந்து பார்ப்பேன். ஒரு ஒட்டை அழிப்பேன், பிரௌசரில் பார்ப்பேன். திரும்பப் போடுவேன், பார்ப்பேன். எந்த ஒட்டு என்ன செய்கிறது என்று விரலே கற்றுக்கொண்டது.

இந்த மொழி பிழை பொறுக்கும் என்பதையும் சொல்லவேண்டும். ஒரு மூடும் ஒட்டை மறந்துவிட்டால் சி மொழியின் கம்பைலர் போலப் பத்து வரி ஆங்கிலத்தில் பிழைச்செய்தி வராது. பிரௌசர் தன்னால் முடிந்த அளவுக்கு ஊகித்துப் பக்கத்தைக் காட்டிவிடும். கோணலாக வரும், ஆனால் வரும். கணினித் துறையில் பெரியவர்கள் பலர் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. ஒழுங்கு கெட்டுவிடும் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிக்கிற கிராமத்துப் பிள்ளைக்கு முதல் நாளே பத்து வரி ஆங்கிலத் திட்டு விழுந்தால் இரண்டாம் நாள் அது கணினியின் பக்கம் வராது. கோணலாகவாவது தான் எழுதியதைத் திரையில் பார்த்த பிள்ளை, அதை நேராக்க மறுநாளும் வரும்.

ஆனால் ஒட்டுகளுக்கு நடுவே தமிழ் உட்காருவது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில், அந்நாட்டுக் கவிதைகளை ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என்று நான்கு மொழிகளிலும் வலையில் ஏற்றினார்கள். அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். அதில் தமிழுக்குப் பொறுப்பேற்றவர் நா. கோவிந்தசாமி. தமிழாசிரியர், சிறுகதை எழுத்தாளர், ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளர். கணினிப் பொறியாளர் அல்லர். தன் மொழி திரையில் வரவேண்டும் என்று தானாகவே கற்றுக்கொண்டு, 'கணியன்' என்ற பெயரில் எழுத்துருவும் விசைப்பலகையும் உருவாக்கியவர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ, லியோங் கோக் யோங் ஆகியோருடன் சேர்ந்து அவர் வேலை செய்தார். தமிழ் வலையேறிய வரலாற்றில் அவர் பெயரை முதல் வரிசையில் எழுதவேண்டும்.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்ற எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்' இருந்தது. கடல் கடந்து வாழ்ந்த தமிழர்கள்தான் இந்த வேலையில் முந்தினார்கள். சிங்கப்பூரில் இருப்பவருக்கும் லோசானில் இருப்பவருக்கும் தமிழில் எழுதிப் பேசிக்கொள்ள வேறு வழி குறைவு. திரையில் தமிழ் வந்தே ஆகவேண்டும் என்ற தேவை எங்களைவிட அவர்களுக்கு அதிகம்.

அந்த எழுத்துருக்கள் வேலை செய்த விதத்தை டிடிபி கடையில் இருந்த எங்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. ஆங்கில எழுத்து உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைப்பது. கணினியைப் பொறுத்தவரை அது இன்னும் ஆங்கில எழுத்தின் எண்தான். திரையில் தெரியும் உருவம் மட்டும் தமிழ். ஷ்ரீலிபி என்ற மென்பொருளில் அடித்ததை வானவில் என்ற இன்னொன்றில் திறந்தால் எழுத்தெல்லாம் உருக்குலைந்துவிடும், ஏனென்றால் இரண்டையும் செய்தவர்கள் வெவ்வேறு நாற்காலியில் வெவ்வேறு எழுத்தை உட்கார வைத்திருப்பார்கள். பத்திரிகை அடிக்க வந்தவர் வேறு கடையில் அடித்த ஃப்ளாப்பியைக் கொண்டுவந்தால், முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்வதுதான் வழி.

இதே தந்திரம் வலைக்கு வந்தபோது 'ஃபாண்ட்' என்ற ஒட்டு கைகொடுத்தது. அந்த ஒட்டில் 'ஃபேஸ்' என்ற பண்பைச் சேர்த்து எழுத்துருவின் பெயரைச் சொல்லிவிட்டால், அதற்குள் இருப்பதெல்லாம் தமிழாகத் தோன்றும். ஆனால் பார்ப்பவரின் கணினியில் அந்த எழுத்துரு இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். தமிழ் இதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணையத்துக்கு வந்தபோது ஒவ்வொன்றும் தனக்கென ஒரு எழுத்துரு வைத்திருந்தது. நான்கு இதழ் படிக்க நான்கு எழுத்துருவை இறக்கவேண்டும். பக்கத்தோடு எழுத்துருவையும் அனுப்பும் முறை ஒன்று மைக்ரோசாப்டிடமும், இன்னொன்று நெட்ஸ்கேப்பிடமும் வந்தன. ஒன்று மற்றதில் ஓடாது.

இன்னொரு சிக்கல், நேரடியாக எச்டிஎம்எல் எழுதியவர்களுக்கு மட்டும் தெரிந்தது. ஒட்டின் கோண அடைப்பும் ஒரு நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த நாற்காலியில் எழுத்துருக்காரர் ஒரு தமிழ் எழுத்தை வைத்துவிட்டால், அந்த எழுத்து வரும் இடத்திலெல்லாம் பிரௌசர் புது ஒட்டு தொடங்குகிறது என்று நினைத்து, பின்னால் வருவதை விழுங்கிவிடும். ஒரு வார்த்தைக்காகப் பாதிப் பத்தி காணாமல் போகும். ஆகவே ஒட்டு எழுதும் ஆங்கிலமும் நடுவில் நிற்கும் தமிழும் ஒரே கோப்பில் ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்கும் ஏற்பாடு தேவைப்பட்டது.

இப்போது 1997-க்கு வருகிறேன். அந்த ஜனவரியில் எச்டிஎம்எல் 3.2 தரமாக அறிவிக்கப்பட்டது. மே 17, 18 தேதிகளில் சிங்கப்பூரில் கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் 97 கருத்தரங்கில் பல நாட்டுத் தமிழ்க் கணினி ஆர்வலர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து, எந்த எழுத்துக்கு எந்த எண் என்று சொல்லும் பொதுவான ஒரு குறிமுறை வேண்டும் என்று பேசினார்கள். டிசம்பரில் எச்டிஎம்எல் 4.0 வந்தது. நமக்கு முக்கியமானது அதுதான். எச்டிஎம்எல் பக்கத்தின் எழுத்துத் தொகுதி இனி ஒருங்குறி (யூனிகோட்) என்று அது வகுத்தது. 1991-இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆக, காகிதத்தில் 1997 டிசம்பரோடு தமிழுக்கு ஒட்டுகளுக்கு நடுவே சொந்த நாற்காலி கிடைத்துவிட்டது. எச்டிஎம்எல் 4.0 அந்த 'ஃபாண்ட்' ஒட்டைக் கைவிடவேண்டியவற்றின் பட்டியலிலும் சேர்த்தது.

கணினிகளுக்கு அது வந்து சேரத் தாமதமானது. 2000-இல் வந்த விண்டோஸ் 2000-தான் 'லதா' எழுத்துருவோடு ஒருங்குறித் தமிழைக் காட்டிய முதல் விண்டோஸ். இடைப்பட்ட காலத்துக்கு ஒரு பாலம் தேவைப்பட்டது. அந்தப் பாலங்களில் ஒன்று டிஸ்கி: 256 இடங்களில் முதல் பாதியை ஆங்கிலத்துக்கு அப்படியே விட்டுவிட்டு, மேல் பாதியில் தமிழை அமைத்த குறிமுறை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி ஏற்றியபோது டிஸ்கி அதற்குப் பெரிதும் உதவியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு குறிமுறைகளைப் பரிந்துரைத்தது. டாம் தமிழுக்கு மட்டும். டாப் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தது. ஒட்டுகள் ஆங்கிலத்தில் இருப்பதால் வலைக்கு இரண்டாவதுதான் பொருந்தும். அந்த மாநாடு முடிந்து மூன்று மாதத்தில், 1999 மே மாதம், நா. கோவிந்தசாமி காலமானார். ஒருங்குறித் தமிழ் சாதாரணப் பிரௌசரில் ஓடுவதை அவர் பார்க்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே நாட்களில், தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்று ஆணையிட்டது.

நடைக்கு வருகிறேன். ஒருங்குறியில் மெய்க்கு அகரம் ஏறிய வடிவம் ஒரு எண், அதன்மேல் ஏறும் உயிர்க்குறி தனி எண். 'நடை'யில் ந ஒன்று, ட ஒன்று, ஐகாரக் கொம்பு ஒன்று, ஆக மூன்று. 'தேதி'யில் இரண்டு தகரம், இரண்டு உயிர்க்குறி, நான்கு. 'பேட்டா'வில் புள்ளியும் ஒரு எண், ஆறு. நோட்பேட் அந்தக் காலத்தில் கோப்பை ஆன்சி என்ற பழைய முறையில் சேமிக்கும். அதில் தமிழுக்கு இடமே இல்லை. ஆகவே தெரியாத எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டது. அப்படிச் செய்யப்போகிறேன் என்று முன்கூட்டியே ஆங்கிலத்தில் கேட்டும் இருந்தது. 2019 மே மாதத்துக்குப் பிறகு வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் இந்தத் தொல்லை இல்லை. நோட்பேடே ஒருங்குறியை எழுதும் யூடிஎஃப்-8 முறைக்கு மாறிவிட்டது.

நல்லவேளையாக அவள் நோட்பேடை மூடவில்லை. மூடியிருந்தால் கேள்விக்குறியாகிவிட்ட எழுத்து திரும்பாது. 'சேவ் அஸ்' கொடுத்து, கீழே என்கோடிங் என்று இருந்த இடத்தில் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுக்கச் சொன்னேன். பிரௌசரைப் புதுப்பித்தாள். தேதி, நடை, பேட்டா மூன்றும் வந்து நின்றன.

பக்கத்தின் தலைப்பகுதியில் 'மெட்டா' ஒட்டில் யூடிஎஃப்-8 என்று சொல்லும் வழக்கத்தையும் அவளுக்குக் காட்டினேன். அன்றைக்கு அது இல்லாமலேயே வேலை நடந்தது. அன்றைய நோட்பேட் கோப்பின் தலையில் மூன்று பைட்டில் ஓர் அடையாளம் வைத்துவிடும். மற்ற எழுதிகள் பலவும் வைக்காது. 2000-களின் தொடக்கத்தில் அந்த ஒரு வரியை மறந்தவர்களின் தமிழ்ப் பக்கங்களைத் திறந்தால் திரை முழுவதும் தலையில் கீற்று வைத்த ஆங்கில எழுத்தும், அதை அடுத்து வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறி மாறி வரும். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதற்கும் காரணம் உண்டு. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ் எண்ணும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. மேலைநாட்டுக் குறிமுறையில் 224 என்பது அந்தக் கீற்று வைத்த எழுத்து, 174 என்பது அந்த வட்டம். ஐந்து எண் சேர்ந்த 'தமிழ்' என்ற சொல்லுக்கு 15 பைட். அது தமிழ்தான் என்று சொல்ல ஒரு வரி இல்லாததால் பிரௌசர் 15-ஐயும் தனித்தனி எழுத்தாகப் படித்தது.

அவள் கையில் இருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். 2018-இல் வந்த புதுப் பாடத்திட்டத்தின் 'கணினிப் பயன்பாடுகள்'. எனக்குப் பின் வந்த பிள்ளைகள் பல ஆண்டுகள் மேல்நிலையில் ஸ்டார் ஆபீஸும் சி++-உம் படித்தார்கள். இந்தப் புத்தகத்தில் எச்டிஎம்எல்லுக்கு மூன்று பாடம், பக்கத்தின் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ்ஸுக்கு ஒன்று, பிறகு ஜாவாஸ்கிரிப்ட், கடைசியில் தமிழ்க் கணிமை. தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைக்குத் தமிழில். பள்ளிக்கு வெளியே கற்க நினைப்பவர்களுக்குக் கணியம் இணைய இதழ் 2012-இலிருந்து தமிழில் கட்டுரைகளும், து. நித்யா போன்றவர்கள் எழுதிய 'எளிய தமிழில்' வரிசை மின்னூல்களும் இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறது. நான் ஃப்ளாப்பியில் அள்ளி வந்ததை இவள் புத்தகமாகவே கையில் வைத்திருந்தாள்.

எச்டிஎம்எல் எழுதுவதை நிரல் எழுதுவது என்று சொல்லலாமா என்ற வாதம் எப்போதும் உண்டு. அது கூட்டாது, பெருக்காது, முடிவெடுக்காது. சொன்ன இடத்தில் சொன்னதை வைக்கும், அவ்வளவுதான். ஆகவே கண்டிப்பானவர்கள் அதை நிரல்மொழி என்று ஒப்புவதில்லை. சரிதான். ஆனால் திறந்ததை மூடுவது, ஒன்றுக்குள் ஒன்றை வைப்பது, ஒரு எழுத்து பிசகினால் என்ன ஆகும் என்று தேடுவது ஆகிய நிரலரின் பழக்கங்கள் எல்லாம் அங்கேயே கைக்கு வந்துவிடுகின்றன. அதன் பிறகு அடுத்த வாசல் அதே பக்கத்தில் இருக்கிறது. 'ஸ்கிரிப்ட்' என்ற ஒட்டைத் திறந்தால் அதற்குள் ஜாவாஸ்கிரிப்ட். 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் எழுதி முடித்த மொழி. அதற்கும் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். அதே நோட்பேட், அதே பிரௌசர்.

காணும் பொங்கலன்று அவள் அந்த வாசலைத் தாண்டினாள். இரண்டு பெட்டி, ஒரு பொத்தான். காலையில் எத்தனை நடை, சாயங்காலம் எத்தனை நடை, அழுத்தினால் மொத்தம். மதியச் சாப்பாட்டுக்கு முன் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"மாமா, காலைல 3, சாயங்காலம் 4. அப்பா மொத்தம் 34 நடை அடிச்சாராம்!"

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டல் குறியை எடுத்துவிட்டுப் பெருக்கல் குறியைப் போட்டாள். 12 வந்தது. கழித்தல் போட்டாள், அதுவும் சரியாக வந்தது. மறுபடி கூட்டல், மறுபடி 34.

"பெருக்குனா சரியா வருது. கூட்டுனா மட்டும் பக்கத்துல பக்கத்துல ஒட்டிடுது."

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். பிறகு, "அது 3-னு நெனைக்கல மாமா. 'மூணு'னு எழுதியிருக்கிற எழுத்துன்னு நெனைக்குது," என்றாள்.

அதுதான் நடந்தது. பெட்டிக்குள் தட்டியது எதுவானாலும் எச்டிஎம்எல்லுக்கு அது எழுத்து. எழுத்தோடு எழுத்தைக் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் அருகருகே ஒட்டிவைக்கும். பெருக்கலும் கழித்தலும் எழுத்துக்குக் கிடையாது என்பதால், அந்தக் குறிகளைப் பார்த்தால் தானாகவே எண்ணாக மாற்றிக்கொள்ளும். புத்தகத்தில் பின்னால் புரட்டினாள். எண்ணாக மாற்றும் 'நம்பர்' என்ற சொல்லை இரண்டு பெட்டிக்கும் முன்னால் சேர்த்தாள். பொத்தானை அழுத்தினாள்.

7.

தங்கை இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். இவள் நகரவில்லை. அப்பாவின் காலண்டர் தாள்களைப் பக்கத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு மார்கழி முதல் தேதியின் நடையை ஏற்றத் தொடங்கியிருந்தாள்.